ஒத்திசைவின் நடுவே மென்பொருள் நின்றுபோனால்



மேல்நிலை வகுப்பில் எச்டிஎம்எல் படிக்கும் மாணவர்கள் பள்ளிக்கென ஓர் இணையதளம் செய்ய ஆசைப்படுகிறார்கள். நாமும் ஊக்கப்படுத்துகிறோம். ஆண்டுவிழாப் படங்கள், கையெழுத்து இதழின் பக்கங்கள் என்று கோப்புகள் பெருகுகின்றன. ஒருநாள், ஆய்வகக் கணினியில் உள்ளதையும் சேவையகத்தில் உள்ளதையும் ஒத்திசைக்கும்போது மென்பொருள் உறைந்து தானாக மூடிக்கொள்கிறது. உடனே ஒரு மாணவர் அதைத் திறந்து அதே பொத்தானை மறுபடி அழுத்துவார். பிள்ளைகளின் உழைப்பு பறிபோகும் ஆபத்து முதலில் நேர்ந்த முடக்கத்தைவிட இந்த இரண்டாவது அழுத்தத்தில்தான் அதிகம்.

ட்ரீம்வீவரை எடுத்துக்கொள்வோம். ஒத்திசைவின்போது அது எந்தப் பிரதி புதியது என்று பார்க்கிறது. எது முழுமையானது என்று பார்ப்பதில்லை. ஒரு மாணவி 10 மணிக்குத் திருத்திய பக்கம், 11 மணிக்கு ஏறிக்கொண்டிருக்கும்போது பாதியில் அறுந்தது என்று வையுங்கள். சேவையகத்தில் கிடக்கும் அரைகுறைக் கோப்புக்கு 11 மணி என்று நேரம் விழுந்துவிடும். இப்போது ‘புதியவற்றைப் பெறு, அனுப்பு’ என்று கட்டளையிட்டால், அந்த அரைகுறைதான் புதியது என்று நல்ல கோப்பின் மேல் வந்து உட்காரக்கூடும். கணினியில் இல்லாதவற்றைச் சேவையகத்திலிருந்து நீக்கும் தேர்வுப் பெட்டியும் அதே சாளரத்தில் இருக்கிறது. அதில் டிக் விழுந்திருந்தால் கதை வேறு.

ஆகவே முதல் வேலை, தளத்தின் கோப்புறையை அப்படியே பென் டிரைவில் படியெடுப்பது. மென்பொருளைத் திறப்பதெல்லாம் அதற்குப் பிறகு. யார் அழுத்தியது என்ற விசாரணை வேண்டவே வேண்டாம்; பயந்த பிள்ளை அவசரத்தில் இன்னொரு பொத்தானைத் தட்டும்.

அடுத்து, கோளாறு எந்தப் பக்கம் என்று பிரித்துப் பார்க்க வேண்டும். இலவசமாகக் கிடைக்கும் ஃபைல்ஜில்லா மூலம் அதே கோப்புகளை, சேவையகத்தில் ஒரு சோதனைக் கோப்புறைக்கு அனுப்பிப் பாருங்கள். அங்கும் அறுந்தால் இணைப்பையோ சேவையகத்தையோ கவனிக்க வேண்டும். ஒழுங்காகப் போனால் சந்தேகம் வடிவமைப்பு மென்பொருள் பக்கம் திரும்புகிறது.

பலர் இந்த இடத்தில் மென்பொருளை நீக்கி மறுபடி நிறுவுவார்கள். பயனர் அமைப்புகள் தனி இடத்தில் இருப்பதால், மறுநிறுவலுக்குப் பிறகும் பழைய கோளாறு தங்கிவிடலாம். ட்ரீம்வீவரின் விண்டோஸ் பதிப்புகளில் ‘வின்ஃபைல்கேஷ்’ என்று பெயர் தொடங்கும் ஒரு டாட் கோப்பு, பயனர் கணக்கின் ஆப்டேட்டாவுக்குள் இருக்கும். அது பழுதானால் மென்பொருள் திறந்து மூடும். மென்பொருளை மூடிவிட்டு அதன் பெயரை மாற்றிவையுங்கள். அடுத்த முறை திறக்கும்போது மென்பொருளே புதிதாக ஒன்றை உருவாக்கிக்கொள்ளும். இது தற்காலிகப் பதிவுதான், மாணவர்களின் பக்கங்கள் அதில் இல்லை.

அப்படியும் நின்றால், கோப்புகளை இரு பாதியாக்கி ஒரு பாதியை மட்டும் அனுப்பச் சொல்லுங்கள். நிற்கிற பாதியை மறுபடி இரண்டாக்குங்கள். 64 கோப்புகள் இருந்து அவற்றில் ஒன்றுதான் காரணம் என்றால் 6 முறையில் அது சிக்கிவிடும். இருமத் தேடலைக் கரும்பலகையில் நடத்துவதைவிட இப்படி நடத்துவது எனக்குப் பிடிக்கும்.

சேவையகத்தில் ஏறிய பக்கங்களைச் சரிபார்க்கும்போது அளவை மட்டும் நம்ப வேண்டாம். விண்டோஸில் ஒரு வரி முடிவுக்கு 2 பைட்டு, லினக்ஸில் 1 பைட்டு என்பதால் நல்ல கோப்புகூடச் சற்றுச் சிறிதாகத் தெரியலாம். பக்கத்தைத் திறந்து, எச்டிஎம்எல் முடிவு ஒட்டு கடைசியில் இருக்கிறதா என்று பாருங்கள். முழுமையாக உள்ளவற்றை விட்டுவிட்டு, அறுந்ததை மட்டும் கணினியிலிருந்து தனியே அனுப்பினால் போதும்.

இன்னொன்று, ஆய்வகத்தின் பழைய கணினிகள். தாய்ப்பலகையில் உள்ள சிறு பேட்டரி தீர்ந்துவிட்டால், மின்சாரம் போய் வந்ததும் தேதி பல ஆண்டுகள் பின்னுக்குப் போய்விடும். இன்று செய்த பக்கமும் பழையதாகிவிடும். அந்தக் கணினியில் பேட்டரியை மாற்றி, தேதியைச் சரிசெய்யும்வரை ஒத்திசைவுப் பொத்தானைத் தொட விடாதீர்கள்.