ஒளியைச் செலுத்தி ஒலியால் காணுதல்

ஒளியொலிப் படமெடுப்பு என்பது உடலுக்குள் ஒளியைச் செலுத்தி, அங்கே பிறக்கும் மீயொலியை (அல்ட்ராசவுண்ட்) கேட்டுப் படம் வரையும் முறை. மின்னலைத் தொடர்ந்து இடி முழங்குவதற்கும் இதற்கும் காரணம் ஒன்றே: சட்டெனச் சூடேறும் பொருள் சட்டென விரிகிறது, அந்த விரிவு ஒலியாகப் பரவுகிறது. உடலில் ஒளியை உறிஞ்சிச் சூடேறும் பொருள்களில் முதன்மையானது இரத்தத்தின் ஹீமோகுளோபின். சில நானோ நொடிகளே நீடிக்கும் ஒளித் துடிப்பு தோலைக் கடந்து ஓர் இரத்தக்குழாயில் படும்போது, அங்கே வெப்பம் ஒரு டிகிரியில் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவே கூடுகிறது. நோயாளிக்கு அது தெரியவே தெரியாது. ஆனால் அந்தச் சிறு சூட்டிலேயே சுமார் 800 பாஸ்கல் அழுத்தம் பிறந்துவிடுகிறது. நுண்மையான மீயொலி உணரிக்கு அது போதும்.

வழக்கமான அல்ட்ராசவுண்ட் ஸ்கேனில் ஒலி உள்ளே போய், எதிரொலித்துத் திரும்ப வேண்டும். இங்கே ஒலிக்கு ஒருவழிப் பயணம்தான். மென்திசுவில் ஒலியின் வேகம் நொடிக்கு ஏறத்தாழ 1,540 மீட்டர். ஆகவே ஒளி விழுந்து 10 மைக்ரோ நொடி கழித்து வந்து சேரும் ஒலி, சுமார் 15 மில்லிமீட்டர் ஆழத்தில் பிறந்தது என்று கணக்கிட்டுவிடலாம். திசுவுக்குள் நுழைந்த ஒளி சிறிது தூரத்திலேயே நாலாபுறமும் சிதறிவிடுகிறது. ஒலி அதைவிட நூறு முதல் ஆயிரம் மடங்கு குறைவாகவே சிதறும். என்ன பொருள் என்பதை ஒளியும், எங்கே இருக்கிறது என்பதை ஒலியும் பங்கிட்டுச் சொல்வதுதான் இம்முறையின் பலம்.

இந்த விளைவு புதியதல்ல. 1880இல் அலெக்சாண்டர் கிரகாம் பெல்லும் அவருடைய உதவியாளர் சார்லஸ் சம்னர் டெயின்டரும், ஒளிக்கற்றையில் பேச்சை அனுப்பும் கருவிக்கான சோதனைகளின்போது இதைக் கண்டார்கள். விட்டுவிட்டு விழும் சூரிய ஒளி பட்டதும் திடப்பொருள்கள் ஒலி எழுப்பின. பின்னாளில் எக்ஸ் கதிரைக் கண்டுபிடித்த ரான்ட்கனும் 1881இல் வாயுக்களில் இதே விளைவை ஆராய்ந்தார். அதற்குப் பின் மருத்துவத்துக்கு வந்து சேர இது ஒரு நூற்றாண்டுக்கு மேல் காத்திருந்தது. வலுவான துடிப்பு லேசர், நுண்மையான உணரி, வேகமான கணினி ஆகிய மூன்றும் கூடிவந்த பிறகு, 2003இல் ஆய்வாளர் லிஹோங் வாங் குழுவினர் எலியின் மண்டையைத் திறக்காமலே அதன் மூளை இரத்தக்குழாய்களைப் படமெடுத்துக் காட்டினார்கள்.

மருத்துவருக்கு இதனால் கிடைப்பது இரத்தத்தைப் பற்றிய செய்தி. 750 நானோமீட்டர் ஒளியை ஆக்ஸிஜன் இழந்த ஹீமோகுளோபின் கூடுதலாக உறிஞ்சும். 850இல் ஆக்ஸிஜன் ஏறிய ஹீமோகுளோபின் கூடுதலாக உறிஞ்சும். இரண்டு நிறத்திலும் படமெடுத்து ஒப்பிட்டால், இரத்தம் எங்கே இருக்கிறது என்பதோடு அதில் ஆக்ஸிஜன் எவ்வளவு என்பதையும் மதிப்பிடலாம். புற்றுக்கட்டி தனக்கென்று புதிய இரத்தக்குழாய்களை வளர்த்துக்கொள்கிறது. ஆக்ஸிஜன் குறைந்த இரத்தம் அங்கே மிகுதி. மார்பகக் கட்டிகளை ஆராய, அல்ட்ராசவுண்டுடன் இம்முறையை இணைத்த இமேஜியோ என்ற கருவிக்கு அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2021 ஜனவரியில் ஒப்புதல் அளித்தது. சர்க்கரை நோயாளியின் கால் புண்ணைச் சுற்றி ஆக்ஸிஜன் உள்ள இரத்தம் எட்டுகிறதா என்ற கேள்வி தமிழ்நாட்டு அறுவை மருத்துவர்கள் தினமும் சந்திப்பது. புண் ஆறுமா, விரலை எடுக்க வேண்டிவருமா என்பது பெரும்பாலும் அதைப் பொறுத்தது. அதற்கு விடை சொல்ல இம்முறையைப் பயன்படுத்திப் பார்க்கும் ஆய்வுகள் நடந்துவருகின்றன.

இம்முறை எங்கும் பரவத் தடையாக நின்றது லேசர். அதன் விலை பல இலட்சம்; எடையும் அதிகம்; குளிர்விக்க ஏற்பாடு வேண்டும். கண்ணில் பட்டால் பார்வை போகும் என்பதால் நோயாளி, மருத்துவர் இருவருக்கும் பாதுகாப்புக் கண்ணாடி, அடைத்த அறை எல்லாம் தேவை. ஆரம்ப சுகாதார நிலையத்தில் இதற்கெல்லாம் எங்கே போவது? மாற்றாக வந்ததுதான் எல்.இ.டி. ஜப்பானில் உருவான அக்கூஸ்டிக்எக்ஸ் என்ற கருவியில், மீயொலி புரோபின் இரு பக்கமும் எல்.இ.டி. வரிசைகள் சாய்வாகப் பொருத்தப்பட்டிருக்கும். கண்ணாடி வேண்டாம், அடைத்த அறை வேண்டாம்.

மலிவுக்கு ஒரு விலை உண்டு. லேசர் ஒரு துடிப்பில் பத்துக்கணக்கான மில்லி ஜூல் ஆற்றல் தரும், எல்.இ.டி. வரிசை தருவது சில நூறு மைக்ரோ ஜூல், ஏறத்தாழ நூறில் ஒரு பங்கு. வரும் ஒலி இரைச்சலில் மூழ்கிவிடும். ஈடுகட்டுவது எண்ணிக்கை. எல்.இ.டி.யை நொடிக்கு 4,000 முறை துடிக்கவைக்கலாம். இரைச்சல், கூட்டிச் சராசரி எடுக்கும் படங்களின் எண்ணிக்கையின் வர்க்கமூல அளவில் குறையும். 400 படங்களைச் சேர்த்தால் இருபதில் ஒரு பங்காகும். அப்போதும் நொடிக்குப் பத்துப் படம் மிஞ்சும். அதற்கு மேல் சேர்த்தால், நாடியும் மூச்சும் அசைக்கும் திசுவின் படம் கலங்கிப்போகும். துடிப்பின் நீளமும் ஒரு வரம்பு. 100 நானோ நொடியில் ஒலி 0.15 மில்லிமீட்டர் நகர்ந்துவிடுவதால், அதைவிட நுண்ணிய குழாய்கள் துலங்குவதில்லை. ஆழமும் மிஞ்சினால் சில சென்டிமீட்டர்தான். விரல், பாதம், கழுத்து ஆகியவற்றுக்கு இக்கருவி உதவும், ஈரலுக்கு உதவாது. வாங்குபவரிடம் இதை முன்கூட்டியே சொல்லிவிடுவது தயாரிப்பவரின் கடமை.

முடக்குவாத நோயாளியின் விரல் மூட்டில் இது வேலை செய்யும் விதத்தைப் பார்க்கலாம். மூட்டின் மேல் ஜெல் தடவிப் புரோபை வைத்ததும், சாம்பல் நிற அல்ட்ராசவுண்ட் படத்தில் எலும்பின் மேற்பரப்பு வெண்கோடாகத் தெரியும். அதன் மேல் ஒளியொலிச் செய்தி சிவப்பாகப் படியும். நலமான மூட்டில், எலும்பை ஒட்டிய பகுதி ஏறக்குறைய நிறமற்றிருக்கும். அழற்சி உள்ள மூட்டில் சவ்வு தடித்து, இரத்தம் பெருகிச் சிவப்புத் திட்டாகக் காணும். மருந்து கேட்கிறதா என்பதை அந்தத் திட்டு சுருங்குவதை வைத்தே தொடர்ந்து பார்க்கலாம்.

ஒளி மலிந்தபின் விலையைத் தீர்மானிப்பது புரோபும், அதன் நூற்றுக்கும் மேற்பட்ட உணரிகள் தரும் குறிகளை ஒருசேரப் பதியும் மின்னணுச் சுற்றும்தான். அந்தச் செலவைச் சுருக்கும் வேலை இன்னும் மீதி இருக்கிறது. இக்கருவியில் அல்ட்ராசவுண்டும் இருப்பதால், இந்தியாவில் சட்டத்தையும் பார்க்க வேண்டும். கருவின் பாலினத்தைக் கண்டறிவதைத் தடுக்கும் 1994ஆம் ஆண்டுச் சட்டத்தின் விதிகள், 2012 திருத்தத்தின்படி, கையடக்க அல்ட்ராசவுண்ட் கருவியைப் பதிவுபெற்ற வளாகத்தில் உள்நோயாளிகளுக்கும், பல்வேறு சேவைகள் தரும் நடமாடும் மருத்துவ ஊர்தியிலும் மட்டுமே அனுமதிக்கின்றன. பெண் சிசுக்களைக் காக்க வந்த இந்தக் கட்டுப்பாடு நியாயமானது. கருவி வடிவமைப்பவர் முதல் நாளிலிருந்தே இதை மனத்தில் கொள்ள வேண்டும்.

முன்பு பார்த்த விரல் மூட்டுப் படத்தில், எல்லாவற்றுக்கும் மேலே எப்போதும் ஒரு பளிச்சென்ற கோடு இருக்கும். அது தோல்; ஒளியை உறிஞ்சுவது மெலனின். தோல் கருமையாக இருந்தால் ஒளியில் பெரும்பங்கு அங்கேயே செலவாகிறது. போதாக்குறைக்கு, தோலில் பிறந்த ஒலி உள்ளே போய் எலும்பில் மோதித் திரும்பி, இல்லாத இரத்தத்தை இருப்பதாகக் காட்டும். ஒளியை நம்பும் கருவிகளுக்கு இந்தச் சிக்கல் பழையது. 1970களில் ஜப்பானியப் பொறியாளர் தகுவோ அயோயாகி உருவாக்கிய, இரத்தத்தின் ஆக்ஸிஜனை ஒளியால் அளக்கும் பல்ஸ் ஆக்ஸிமீட்டர் உலகெங்கும் பரவியது. ஆனால் அது கறுப்பினத்தவரின் ஆக்ஸிஜன் குறைவை வெள்ளையரைவிட ஏறத்தாழ மூன்று மடங்கு அதிகமாகத் தவறவிடுகிறது என்று 2020இல் அமெரிக்க ஆய்வு ஒன்று காட்டியது. கொரோனா காலத்தில் அக்கருவி காட்டிய எண்ணை வைத்தே மருத்துவமனைப் படுக்கை ஒதுக்கினார்கள்.

அலைநீளம் கூடக்கூட மெலனின் உறிஞ்சுவது குறையும் என்பதால், அகச்சிவப்பு நிறங்களைத் தேர்வதும், எதிரொலிப் பிழையைக் கணக்கில் கழிப்பதும் செய்யக்கூடியவையே. ஆனால் அதற்கு இந்த மண்ணின் தோல் நிறங்கள் அனைத்திலும் எடுத்த படங்கள் வேண்டும். இன்று பட்டம் பெறும் உயிர்மருத்துவப் பொறியாளர்களும் மருத்துவர்களும் அந்தச் சோதனையைக் கருவி சந்தைக்கு வருமுன் செய்து முடிக்க வேண்டும். இங்கே வெயிலில் உழைக்கும் கையிலும் காலிலும் சரியாகப் படமெடுக்காத கருவியை, விலை எவ்வளவு குறைவாயினும், அவர்கள் ஏற்கக் கூடாது.