தலைமைக்கு வேண்டும் கவனம்

(சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



தலைமை என்றவுடன் நாவன்மையும் செல்வாக்கும் நம் நினைவிற்கு வருகின்றன. அவற்றிற்கும் முன்னே வேண்டுவது கவனம். வள்ளுவப் பெருந்தகை பொருட்பாலில் 'பொச்சாவாமை' எனத் தனி அதிகாரமே வகுத்துள்ளார். கடமையை மறவாதிருத்தலே அது.

கவனம் பழக்கத்தால் வளர்வது. இரயில்வேக் குடும்பத்தினராகிய நாம் இதனை நன்கறிவோம். எதிர்வரும் ஒவ்வொரு சிக்னலின் நிலையையும் எஞ்சின் ஓட்டுநரும் துணை ஓட்டுநரும் ஒருவருக்கொருவர் வாய்விட்டு உரைத்தல் வேண்டும் என்பது விதி. கண்டதை வாய் சொல்ல, செவி கேட்க, மனம் அலையாது நிற்கிறது.

இவ்வாறு வளர்த்த கவனத்தை எதன்மேல் செலுத்துவது? 1964 டிசம்பர்ப் புயலில் பாம்பன் இரயில் பாலத்தின் கர்டர்கள் பல கடலில் வீழ்ந்தன. அதனைச் சீரமைக்கும் பொறுப்பு இளம் பொறியாளர் ஈ. ஸ்ரீதரனிடம் வந்தது. ஆறு மாதத் தவணை குறிக்கப்பட்ட அவ்வேலை, 46 நாட்களில் முடிந்தது. பிற்காலத்தில் கொங்கண் இரயில்வேயிலும் தில்லி மெட்ரோவிலும், வேலை முடிய இன்னும் எத்தனை நாள் என்று காட்டும் கடிகாரங்களை அவர் வைக்கச் செய்தார். அதிகாரி முதல் தொழிலாளி வரை அனைவர் கண்ணும் அந்த ஓர் எண்ணின்மேல் நின்றது. தலைவர் நோக்கும் இடத்தையே உடனிருப்போரும் நோக்குவர்.

ஆயினும், நாளைப் பார்க்கும் கண் ஆளையும் பார்த்தல் வேண்டும். 2009 ஜூலையில் தில்லியில் கட்டப்பட்டுவந்த மெட்ரோப் பாலத்தின் ஒரு பகுதி இடிந்து வீழ்ந்து உயிர்கள் மாண்டன. அன்றே ஸ்ரீதரன் தார்மிகப் பொறுப்பேற்றுப் பதவி விலக முன்வந்தார். அரசு அதனை ஏற்கவில்லை. பணியின் வேகத்திற்குப் பொறுப்பேற்பவரே பணியாளரின் உயிருக்கும் பொறுப்பேற்றல் வேண்டும் என்பதே நாம் கொள்ளத்தக்க பாடம்.

அன்பர்களே! நம் சங்கத்திற்கும் ஓர் எண் வேண்டாமா? இக்காலனியில் பிறந்த நம் குழந்தைகள் தமிழ் பேசுகின்றனர். ஊரிலிருந்து பாட்டி எழுதும் கடிதத்தைத் தாமே படிக்கவல்லோர் எத்தனை பேர்? அந்த எண்ணை மாதந்தோறும் சங்கப் பலகையில் எழுதுவோம். தமிழ் வகுப்பிற்கு ஒரு குழந்தை வராது நின்றால், நிர்வாகிகள் அவ்வீட்டிற்கே சென்று, காரணத்தைப் பரிவுடன் கேட்கட்டும்.

அடுத்த ஆண்டு விழாவில் செயலாளர் வரவுசெலவுக் கணக்கிற்கு முன்பாக அந்த எண்ணை வாசிப்பாராக!