பேரப்பிள்ளைகளுக்கொரு மரப்பெட்டி
(விழா அரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சுருத பஞ்சமியன்று ஏட்டுச்சுவடிகளை வெளியே எடுத்து, தூசு தட்டி, புதுத்துணி சுற்றி வைக்கும் வழக்கத்தை இங்குள்ள பெரியோர் அறிவர். சுவடியின் மேலும் கீழும் மரச்சட்டங்கள், அவற்றைச் சுற்றிக் கயிறு, அதன்மேல் துணி, யாவற்றையும் உள்ளடக்கி ஒரு மரப்பெட்டி. ஓலை சிதையாமல் அடுத்த தலைமுறையின் கைக்கு வந்ததில் பெட்டி செய்த தச்சருக்கும் பங்கு உண்டு. ஆயினும் பெட்டியைப் பற்றிப் பேசுவார் அரியர். இன்றைய பேச்சு பெட்டியைப் பற்றியதே. திண்டிவனத்தை அடுத்த ஒரு சிற்றூரில், 74 வயதுப் பெரியவர் ஒருவர் தம் பேரப்பிள்ளைகளுக்காகத் தம் கையாலேயே செய்துவரும் பெட்டிகள் அவை.

அவர் தச்சர் அல்லர். கூட்டுறவுச் சங்கத்தில் கணக்கெழுதி ஓய்வு பெற்றவர். பாட்டனார் காலத்து வீட்டை இடித்தபோது, பழைய மரம் முழுவதும் இடிப்புக்காரரின் கணக்கில் போயிற்று. பெரியவர் கேட்டு வாங்கிக்கொண்டது ஒரே ஒரு தேக்குப் பலகை. ஒரு காலத்தில் சுவடிகளும், பின்னர்ப் பள்ளிப் புத்தகங்களும் இருந்த சுவரலமாரித் தட்டு அது. 4 அடி நீளம், 10 அங்குல அகலம், ஒன்றரை அங்குலக் கனம். மரவாடியில் கனத்தை இரண்டாகப் பிளந்து வாங்கினார். 9 அங்குல நீளமும், 6 அங்குல அகலமும், 4 அங்குல உயரமும் உள்ள பெட்டிகள் மூன்று தேறும் என்று கண்டார். அந்நாளில் பேரப்பிள்ளைகளும் மூவரே.

பக்கத்துத் தெரு ஆசாரியார் பலகையைப் பார்த்தவுடன் சொன்னாராம்: “நயினாரே, முதலில் அந்த வெள்ளையை அறுத்துத் தள்ளுங்கள்.” மரத்தின் நடுப்பகுதி வைரம், பட்டையை ஒட்டிய வெளிறிய பகுதி வெள்ளை. மாவுச்சத்து தங்குவது வெள்ளையில். மரத்தைத் துளைக்கும் வண்டு முட்டையிடுவதும் அங்கேயே. அப்பலகையின் ஓரத்திலும் ஊசித் துளைகள் விழுந்து மாவு உதிர்ந்துகொண்டிருந்தது. வெள்ளையை நீக்கி வைரத்தில் மட்டும் பெட்டி செய்தால், பின்னாளில் எவரும் அதன்மேல் பூச்சிமருந்து தெளிக்க வேண்டியிராது. கொல்லாமை செயலுக்கு வருவது இப்படி முன்கூட்டி எண்ணும் இடத்தில்தான். அறுத்த ஓரத்தைப் பெரியவர் அடுப்பில் இடவில்லை. தோட்டத்து வேலியோரம் நிழலில் வைத்துவிட்டார். உள்ளே எவை இருந்தனவோ, அவை தம் வழியே போகட்டும் என்று.

பலகைக்குள் ஒடிந்து மறைந்திருந்த ஓர் ஆணி இழைப்புளியின் அலகைப் பல் பெயர்த்தது. பழைய மரத்தில் வேலை செய்வோர் ஒரு காந்தத் துண்டை முதலில் அதன்மேல் ஓட்டிப் பார்த்துவிடுவது நலம்.

மூலைகளைப் பொருத்துவதே பெட்டி வேலையின் உயிர். முற்காலத்தில் தச்சர்கள் ‘வச்சிரம்’ என்னும் பசையைக் காய்ச்சி ஒட்டுவர். அது விலங்கின் தோலையும் எலும்பையும் காய்ச்சி எடுப்பது. 1959-இல் ஃபெவிகால் விற்பனைக்கு வந்தபின் அந்த வெண்பசை மெல்ல மெல்ல வச்சிரத்தின் இடத்தைப் பிடித்தது. அது செயற்கைப் பொருள், உயிர்ப்பொருள் அன்று. ஆயினும் பசையை மட்டும் நம்பிச் செய்த மூலை ஒருநாள் விட்டுக்கொடுக்கும். எனவே பெரியவர் புறாவின் விரிந்த வால்போல் பற்கள் நறுக்கி, இரு கை விரல்களைக் கோப்பதுபோல் ஒரு பலகையை மற்றொன்றில் கோத்தார். அவ்வாறு கோத்ததை ஒரு திசையில் இழுத்தால் வாராது. முதல் மூலைக்கு நான்கு நாள் ஆயிற்று. அதிலும் இரண்டு பற்களுக்கிடையே நகம் நுழையும் இடைவெளி. அதை மரத்தூளும் பசையும் குழைத்து மறைக்குமாறு ஆசாரியார் சொல்லியும், அப்படியே விட்டுவிட்டார். அவ்விடைவெளி இன்றும் இருக்கிறது.

கோடையில் முடிந்த அம்முதற்பெட்டி சென்னையிலுள்ள மூத்த பேத்திக்குப் போயிற்று. மழைக்காலத்தில் தொலைபேசி வந்தது: “தாத்தா, பெட்டி திறக்கவே மாட்டேன் என்கிறது!” காரணம் எளிது. மரம் ஈரத்தை உண்டு அகலவாட்டில் பருக்கும். நீளவாட்டில் ஏறக்குறைய மாறாது. வெயில் நாளில் சுவர்களுக்கு இடையே இடைவெளியின்றி இறுக்கமாகப் பொருத்திய மூடி, மழை நாளில் பருத்து மாட்டிக்கொண்டது. அரையாண்டு விடுமுறைக்குப் பேத்தி பெட்டியோடு வந்தாள். பெரியவர் மூடியின் ஓரத்தை இழைத்துக்கொண்டிருக்கையில், உதிர்ந்த பளபளப்பான சுருளை எடுத்துப் பார்த்துக் கேட்டாள்: “இந்தப் பாலிஷ் எந்த மரத்துப் பிசின் தாத்தா?”

பெரியவரின் கை நின்றது. கடையில் வாங்கிப் பூசிய அந்தப் பாலிஷ் அரக்கைச் சாராயத்தில் கரைத்தது. அரக்கு, மரத்தின் பிசினன்று. கிளைகளில் அடையடையாக ஒட்டி வாழும் சிறு பூச்சிகள் தம்மைச் சுற்றிக் கசியவிடுவது. கிளையைச் சுரண்டி அதை எடுக்கையில் எண்ணற்ற பூச்சிகள் மாய்கின்றன. ஓரத்து வெள்ளையில் இருந்த வண்டுக்கு இரங்கியவர், மேற்பூச்சை எண்ணிப் பார்க்கவில்லை. பேத்தியிடம் உள்ளதைச் சொன்னார். பிறகு இருவருமாக உப்புத்தாள் கொண்டு இரண்டு நாள் தேய்த்துப் பாலிஷை நீக்கினர்.

மாற்றாக ஆசாரியார் தேன்மெழுகைச் சொன்னார். தேனை விலக்கிய வீட்டில் அது எப்படி நுழையும்? இறுதியில் ஆளி விதை எண்ணெய் வந்தது. மெல்லியதாகத் தடவி, எஞ்சியதைத் துடைத்து, நாட்கணக்கில் உலரவிட்டு மூன்று முறை பூசுவது. தேக்கின் ரேகை அதில் தேன்நிறம் கொண்டு எழும். அரக்கின் மினுமினுப்பு வாராது. பெட்டியின் உட்புறத்தில் எண்ணெய் தடவலாகாது. மூடிய இடத்தில் நாற்றம் தங்கும், வைக்கும் தாளிலும் கறை படியும். ஓர் எச்சரிக்கையும் உண்டு. எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போட்டால் தானே சூடேறித் தீப்பற்றக்கூடும். அதை விரித்து வெளியில் உலர்த்த வேண்டும்.

உள்ளே என்ன வைத்துக் கொடுத்தார் என்று கேட்கலாம். பொன்னோ வெள்ளியோ இல்லை. இடித்த வீட்டின் தரைப்படத்தைத் தம் கையால் வரைந்து, எந்த அறையில் யார் பிறந்தார், எந்தச் சுவரில் இந்தப் பலகை இருந்தது என்று குறித்த ஒரு தாள், அவ்வளவே. மூன்று பெட்டியிலும் அதே தாள். மற்ற இடத்தைப் பிள்ளைகள் நிரப்பிக்கொள்ளட்டும் என்பது அவர் கருத்து.

மூன்றும் முடிந்தபின் நான்காவதாக ஒரு பேரன் பிறந்தான். தேக்கில் மிஞ்சியவை விரற்கடைத் துண்டுகளே. 2024 நவம்பர் இறுதியில் புதுச்சேரி அருகே கரை கடந்த ஃபெஞ்சல் புயலில், பெரியவரின் கொல்லையில் ஒரு வேம்பு சாய்ந்தது. வெட்டாமல் வீழ்ந்த மரம். அதிலேயே நான்காம் பெட்டி என்று முடிவு செய்து, தை மாதம் முக்கால் அங்குலக் கனத்தில் ஒரு பலகை அறுத்து வாங்கினார். பச்சை மரத்தில் பெட்டி செய்தால் காய்ந்து கோணும். அங்குலக் கனத்துக்கு ஓராண்டு என்பது தச்சர் கணக்கு. இடையில் பெரியவரின் வலக்கை விரல்களில் மெல்லிய நடுக்கம் தொடங்கியிருக்கிறது. மகன் தொலைபேசியில், “காய்ந்த பலகை கடையில் கிடைக்குமே அப்பா, கை தெம்பாக இருக்கும்போதே முடித்துவிடுங்கள்” என்று மன்றாடினார். அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது.

பெரியவர் பலகையைப் பரண்மேல் காற்றோட்டமாக வைத்து, மாதந்தோறும் மளிகைக்கடைத் தராசில் நிறுத்துவருகிறார். எடை குறைவது நின்றால் மரம் காய்ந்தது என்று பொருள். தை மாதம் 3 கிலோ 620 கிராம். சித்திரையில் 2 கிலோ 940. ஆவணியில் 2 கிலோ 610. புரட்டாசியில் 2 கிலோ 600. உளியைத் தீட்டி வைத்தார். ஐப்பசி மழையில் 40 கிராம் ஏறிற்று. அதையும் நோட்டில் தேதியிட்டு எழுதினார். உளிக்கு எண்ணெய் தடவி, மீண்டும் உறையில் இட்டார்.