மங்கிய வண்ணமும் மெருகேற்றும் பொறியும்

திருச்சியிலிருந்து கொள்ளிடத்தைக் கடந்து சென்னைச் சாலையில் வருவோர், புதிதாக வாங்கிய மோட்டார் வண்டியைச் சமயபுரத்தில் மாரியம்மன் சந்நிதிக்கு எதிரே நிறுத்திப் பூஜை போடுவது வழக்கம். மாலையும் சந்தனமும் குங்குமமும் துலங்க, சக்கரத்தின் அடியில் எலுமிச்சம்பழத்துடன் நிற்கும் அந்த வண்டியின் மேனியில் நம் முகத்தைப் பார்க்கலாம். இவ்வூரில் வசிக்கும் நான் இக்காட்சியை நாள்தோறும் காண்கிறேன். இதே தெருக்களில் பழைய அம்பாஸடர் கார்களும் நிற்பதுண்டு. அவற்றின் கூரையும் பானெட்டும் சுண்ணாம்பு பூசியனபோல் வெளுத்திருக்கும். விரலால் தடவினால் பொடி ஒட்டும். அவ்வாறு மங்கிய வண்ணத்தை இயந்திரத்தால் மெருகேற்றும் முறையைப் பற்றி, ஓய்வு பெற்றபின் அதைக் கற்கத் தொடங்கிய மாணவன் என்ற முறையில் சில சொல்ல விரும்புகிறேன்.

முதலில் நோயின் காரணத்தை அறிவோம். வண்ணப்பூச்சில் நிறப்பொடியும், அதைப் பிணைத்து நிற்கும் பிசினும் உண்டு. வெயிலிலுள்ள புற ஊதாக் கதிர்களும் காற்றிலுள்ள பிராணவாயுவும் சேர்ந்து அப்பிசினை நாளடைவில் சிதைக்கின்றன. பிடிப்பை இழந்த நிறப்பொடி மேலே தங்கிவிடுகிறது. நேரே வெயில் விழும் கூரையும் பானெட்டும் முதலில் வெளுப்பதும், கதவுகளின் கீழ்ப்பாகம் பெரும்பாலும் தப்புவதும் இதனாலேதான். கெட்டது மேல்தோல் மட்டுமே. அதன் கீழே நல்ல வண்ணம் இன்னும் இருக்கிறது.

மெருகு என்பது மேலே பூசப்படும் பொருள் என்று பலர் எண்ணுகின்றனர். உண்மையில், கெட்டதை நீக்கும்போது வெளிப்படுவதே மெருகு. திருச்சி வட்டாரத்தில் செயற்கை வைரம் பட்டை தீட்டுவோரைக் கண்டவர்களுக்கு இது எளிதில் விளங்கும். சுழலும் சாணைத் தட்டில் கல் தேய்ந்துதான் ஒளி பெறுகிறது. ஆனால் கல்லுக்குக் கனம் உண்டு. காரின் வண்ணத்துக்கோ அது மிகக் குறைவு. ஆலையில் பூசப்பட்ட அடுக்குகள் அனைத்தும் சேர்ந்தே பொதுவாக ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு அளவில்தான் இருக்கும். ஒவ்வொரு முறை மெருகிடும்போதும் அந்தச் சிறு முதலிலிருந்து நாம் செலவு செய்கிறோம். ஆதலின், எவ்வளவு குறைவாகத் தேய்த்து எவ்வளவு ஒளி பெறலாம் என்பதே கற்பவனின் கணக்காக இருத்தல் வேண்டும்.

இதில் இன்னொரு கருத்தும் அடங்கியுள்ளது. உத்தர்பாடா ஆலையில் அம்பாஸடர் உற்பத்தி 2014-ஆம் ஆண்டில் நின்றுவிட்டது. என்னிடமுள்ள கருஞ்சிவப்பு வண்டியைப் பார்த்த பட்டறைக்காரர், பழைய வண்ணத்தை முழுதும் சுரண்டி எடுத்துவிட்டுப் புதிதாக அடித்துவிடலாம் என்றார். அடிக்கலாம், அழகாகவும் இருக்கும். ஆனால் அந்த ஆலையில் பெற்ற முதல் பூச்சு போனால் போனதுதான். அதைக் காக்க வேண்டும் என்ற ஆசையே என்னை இத்தொழிலைக் கற்கச் செய்தது.

பொறியைத் தொடுமுன் செய்யவேண்டியது சோதனை. மறைவான ஓரிடத்தில், வெள்ளைத் துணியில் சிறிது பாலிஷ் தொட்டுத் தேய்த்துப் பாருங்கள். துணியில் காரின் நிறம் ஏறினால், அது பழைய ஒற்றைப் பூச்சு. நிறம் ஏறாவிடில், பெரும்பாலும் நிறத்தின் மேல் ‘கிளியர் கோட்’ என்னும் தெளிந்த பூச்சு உள்ள வண்டி. அத்தெளிந்த பூச்சு தோல் உரிவதுபோல் உரிந்திருந்தால் எந்த மெருகும் பயன்படாது. அங்கே மறுபூச்சு ஒன்றே வழி.

பின்னர் வண்டியை நன்றாகக் கழுவவேண்டும். உலர்ந்த புழுதியையும், காய்ந்து ஒட்டிய சந்தனம் குங்குமத்தையும் வறட்டுத் துணியால் துடைத்தல் கூடாது. நீரில் ஊறவைத்துக் கழுவுக. ஒரு மணல் துகள் போதும், பானெட் முழுதும் கோடு கிழிக்க. ரப்பர் விளிம்புகளையும் பெயரெழுத்துகளையும் ஒட்டுத்தாளால் மூடுக. வேலையை நிழலில், தகடு குளிர்ந்திருக்கும்போது செய்க. நம் ஊர்ச் சித்திரை வெயிலில் தகடு சுட்டால், மருந்து உடனே காய்ந்து திட்டாகிவிடும்.

பொறிகள் இருவகை. ஒன்று, ஒரே அச்சில் சுழல்வது. விரைவில் வேலை முடியும், ஆனால் ஓரிடத்தில் சற்று நின்றாலும் சூடேறி வண்ணத்தைத் தின்றுவிடும். மற்றது, சுழன்றுகொண்டே சிறு வட்டமாக அசைவது. மெதுவானது, மன்னிக்கும் இயல்புடையது. புதிதாகக் கற்பவர் இரண்டாவதையே எடுத்துக்கொள்க.

மென்மையான பஞ்சுத் திண்டையும் மென்மையான பாலிஷையுமே முதலில் வைத்து, பானெட்டில் இரண்டடிச் சதுரம் மட்டும் செய்து பாருங்கள். போதாவிடில் மட்டும் ஒருபடி கடினமானதற்குச் செல்க. திண்டில் மூன்று நான்கு துளி மருந்து போதும். திண்டைத் தகட்டில் வைத்தபின்பே பொறியை முடுக்குக. குறைந்த வேகத்தில் பரப்பி, பின் வேகத்தைக் கூட்டுக. உழவன் சால் ஓட்டுவதுபோல, ஒரு கோட்டின் பாதி அடுத்ததில் படியுமாறு, முதலில் நெடுக்காகவும் பின் குறுக்காகவும் மெதுவாக நகர்த்துக. திண்டு தகட்டோடு சமமாகப் படிந்திருக்கவேண்டும். விளிம்புகளிலும் மடிப்புகளிலும் பூச்சு மெல்லியது. அங்கே பொறியை ஓட்டாமல் கையால் தேய்ப்பதே நல்லது. மின்கம்பியைத் தோளில் போட்டுக்கொண்டால் அது வண்ணத்தில் உரசாது.

ஒற்றைப் பூச்சு வண்டியில் திண்டு நிறமேறிச் சிவந்துவிடும். அஞ்சவேண்டாம், நீங்குவது கெட்டுப்போன தோலே. ஆனால் திண்டை அடிக்கடி தூய்மை செய்யாவிட்டால், அந்தப் பொடியையே மீண்டும் மேலே தேய்ப்பதாகும். முகம் தெளிவாகத் தெரியத் தொடங்கியதும் நிறுத்திக்கொள்க. ஆழ்ந்த கீறல் ஒன்றிரண்டு எஞ்சினால் இருக்கட்டும். அவற்றைத் துரத்திச் சென்றால் அடிப்பூச்சு எட்டிப் பார்க்கும். அதன்பின் தூரிகையன்றித் துணையில்லை.

முடிவில் மெல்லிய மெழுகுப் பூச்சு ஒன்று இடுதல் இன்றியமையாதது. காப்பில்லாத வண்ணம் மீண்டும் அதே வெயிலுக்கு இரையாகும். சில மாதங்களுக்கு ஒருமுறை மெழுகைப் புதுப்பித்து, கூடுமானவரை வண்டியை நிழலில் நிறுத்தினால், பொறியை மறுபடி எடுக்கும் தேவை பல ஆண்டுகள் வராது. ஒரு வண்டிக்கு இரண்டு மூன்று நாட்கள் ஆகலாம். நாளைக்கு ஒரு பாகமாகச் செய்யுங்கள். இருக்கும் பூச்சைக் கொண்டே உங்கள் வண்டி இன்னும் பலகாலம் ஒளிர்வதாகுக.