சித்திரத்தில் விளங்கிய சக்தி

ஓவியக் கலையில் இன்று பட்டம் பெறும் மாணவ மாணவியரே!

கலைக்கழகங்களின் கதவுகள் பெரும்பாலும் ஆடவருக்கே திறந்திருந்த 17ஆம் நூற்றாண்டு இத்தாலியில், பரோக் என்னும் ஓவிய மரபு செழித்தோங்கிய நாளில், பெண்மையின் சக்தியைத் தம் தூரிகையால் நிலைநாட்டிய இரு பெண்மணிகளைப் பற்றி உங்களிடம் சொல்ல விரும்புகிறேன்.

1593இல் ரோமாபுரியில் பிறந்த ஆர்ட்டெமீசியா ஜென்டிலெஸ்கி, தந்தையின் ஓவியக்கூடத்திலேயே தொழில் பயின்றவர். தம்மைப் பலாத்காரம் செய்த ஓவியன் ஒருவன்மீது 1612இல் நடந்த விசாரணையில், சத்தியம் சொல்கிறாரா என்று சோதிப்பதற்காக அவருடைய விரல்களையே கயிற்றால் இறுக்கினார்கள். தூரிகை பிடித்த அவ்விரல்கள் வேதனையில் துடித்தபோதும் அவர் சொன்ன சொல் மாறவில்லை. 1616இல் புளோரன்ஸ் நகரத்து ஓவியக் கழகம் அவரைத் தன் முதல் பெண் உறுப்பினராக ஏற்றுக்கொண்டது.

படைத்தலைவன் ஒலோபெரினின் தலையை யூதித்து என்னும் பெண் வெட்டிய விவிலியக் கதையை, ஆர்ட்டெமீசியாவுக்கு முன்பே கரவாஜ்ஜோ என்னும் மேதை தீட்டியிருந்தார். அதில் யூதித்து சற்றே பின்வாங்கி நிற்க, கிழப் பணிப்பெண் துணியை ஏந்தியபடி பக்கத்தில் காத்திருக்கிறாள். ஆர்ட்டெமீசியாவின் சித்திரத்திலோ, இளம் பணிப்பெண் தன் பலம் முழுவதையும் செலுத்தி அப்பகைவனை அமுக்கிப் பிடிக்க, சட்டைக் கையை மேலேற்றிய யூதித்து ஒரு கையால் அவன் தலையைப் பற்றி மறு கையால் வாளைச் செலுத்துகிறாள். இரு பெண்கள் கூடிச் செய்யும் கடும் உழைப்பே அங்கே சக்தியாக விளங்குகிறது.

பொலோனியா நகரில் 1638இல் பிறந்த எலிசபெத்தா சிரானி, தன்னைக் கெடுத்த, அலெக்சாந்தர் மன்னரின் படைத்தலைவனைக் கிணற்றில் தள்ளிய தீப்ஸ் நகரத்துத் திமோக்லியாவை 1659இல் வரைந்தார். கால்கள் மேலாக அவன் தலைகீழாய் விழ, அவள் நிதானம் தவறாமல் நிற்கிறாள். 27 வயதிலேயே மறைந்த சிரானி, ஏறத்தாழ 200 ஓவியங்களைப் படைத்ததோடு அமையாமல், தாம் பெற்ற வித்தையைப் பெண்கள் பலருக்கும் கற்பித்தார்.

அன்பர்களே, ஆர்ட்டெமீசியா தம் முதிய வயதில், 1649இல், மெஸ்ஸினா நகரப் பிரபுவோடு தம் ஓவியத்தின் விலைக்காகக் கடிதம் எழுதி வாதாடியதுபோல், உங்கள் உழைப்புக்குரிய ஊதியத்தைக் கேட்க நாணாதீர்கள். சிரானியைப் போல், கற்க வரும் பெண்ணுக்கு உங்கள் ஓவியக்கூடத்தில் இடம் அளியுங்கள். பயின்ற கையும் பக்கத் துணையும் வாய்த்த பெண்குலத்தால் ஆகாத காரியம் இல்லை என்பதே இவ்விருவரும் விட்டுச் சென்ற உபதேசம். அதனை மேற்கொண்டு, நீடு வாழ்ந்து, இக்கலையை வளர்ப்பீர்களாக!