தட்டும் டம்ளரும் முதலில் பிரிகின்றன
(ராமநாதபுரத்தில் இளைஞர்களிடையே பேசியதன் எழுத்து வடிவம்)



2018 டிசம்பரில் சாத்தூர் அரசு மருத்துவமனையில் ஒரு கர்ப்பிணிப் பெண்ணுக்கு எச்.ஐ.வி. தொற்றுள்ள ரத்தம் ஏற்றப்பட்டதை மறந்திருக்க மாட்டீர்கள். நாடே பேசியது. ரத்தம் கொடுத்த பையனைப் பற்றித்தான் யாரும் அதிகம் பேசவில்லை. அவர் நம் மாவட்டத்துக்காரர். இருபது வயதுகூட ஆகவில்லை. வெளிநாட்டு வேலைக்கான பரிசோதனையில்தான் தொற்று இருப்பதே அவருக்குத் தெரிந்தது. தெரிந்ததும் ஓடி ஒளியவில்லை. தன் ரத்தத்தை யாருக்கும் ஏற்றிவிடாதீர்கள் என்று தானே போய்ச் சொன்னார். அதற்குள் ஏற்றிவிட்டார்கள். அவர் தற்கொலைக்கு முயன்று டிசம்பர் 30 அன்று மதுரையில் இறந்தார்.

வைரஸ் அத்தனை வேகமாக யாரையும் கொல்லாது. கூட்டு மருந்து 2004 முதல் அரசு மருத்துவமனைகளில் இலவசம். தவறாமல் சாப்பிட்டு, ரத்தத்தில் வைரஸ் கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்தவரிடமிருந்து உடலுறவு மூலம்கூடத் தொற்று பரவாது. அப்படியென்றால் அவரைக் கொன்றது எது?

இந்த மண்ணில் விலக்கிவைத்தல் என்றால் என்னவென்று நான் பாடம் எடுக்க வேண்டியதில்லை. எச்.ஐ.வி. என்றதும் வீட்டுக்குள் முதலில் பிரிவது தட்டும் டம்ளரும்தான். எச்சிலால் பரவாது என்று தெரிந்த பிறகும் பிரிகிறது. கிருமி பயம் அல்ல அது, தீட்டு. ஒரு வேறுபாடு உண்டு. சாதி இழிவை ஒரு தெருவே சேர்ந்து சுமக்கிறது. பக்கத்து வீட்டுக்காரருக்கும் அதே வலி, சங்கம் கட்டலாம். எச்.ஐ.வி. உள்ளவர் சொந்த வீட்டிலேயே தனியாள். ஒதுக்குபவர் அம்மாவாகவும் அண்ணனாகவும் இருக்கிறார். அவருக்குத் தெரு கிடையாது. அந்தத் தெருவைத்தான் குழு உண்டாக்குகிறது.

கௌசல்யா பெரியசாமியும் சில பெண்களும் 1998இல் சென்னையில் பாசிட்டிவ் பெண்கள் கூட்டமைப்பைத் தொடங்கினார்கள். சொந்தத்துக்குள் நடந்த திருமணத்தில் கணவரிடமிருந்து தொற்று வந்ததை வெளிப்படையாகச் சொன்னவர் அவர். (அகமணம்தான் ஒழுக்கத்துக்குக் காவல் என்பவர்கள் இதைக் கேட்க வேண்டும்.)

குழுவில் என்ன நடக்கும்? அழுகை, டீ, பிறகு வேலை. யாரிடம் சொல்வது, யாரிடம் சொல்லாமல் இருப்பது, கொழுந்தியா கேட்டால் என்ன பதில் என்று சொல்லிப் பழகுவார்கள். ராத்திரி கடலுக்குப் போகிறவர் படகில் நாலு பேர் பார்க்க மாத்திரையை எப்படி விழுங்குவது? இதற்கு மருத்துவரைவிட, விழுங்கிப் பழகிய இன்னொரு மீனவர்தான் நல்ல பதில் சொல்வார்.

குழுவுக்குள்ளும் படிநிலை வரும், ஏமாறாதீர்கள். கணவரால் தொற்று வந்தவர் ‘அப்பாவி’, பாலியல் தொழிலாளியும் திருநங்கையும் ‘தேடிக்கொண்டவர்கள்’. ஒவ்வொருவருக்கும் கீழே ஒருவரை வைத்துக்கொடுக்கும் ஏணியை அம்பேத்கர் நமக்குக் காட்டியிருக்கிறார். அது இங்கேயும் வேலை செய்கிறது.

வேலை, பள்ளி, வாடகை வீடு, சிகிச்சை எதிலும் பாகுபாடு காட்டக் கூடாது என்ற 2017ஆம் ஆண்டுச் சட்டம் 2018 செப்டம்பர் 10 அன்று நடைமுறைக்கு வந்தது. அந்தப் பையன் இறந்தபோது அதற்கு நான்கு மாதம்கூட ஆகவில்லை. 2016இலேயே அவர் கொடுத்த ரத்தத்தில் தொற்று தெரிந்தும் அவரிடம் சொல்லப்படவில்லை என்று அப்போது செய்திகள் வந்தன.

ஏப்ரல் 14 அன்று ரத்ததான முகாம் நடத்துபவர்கள் இங்கே பலர் இருக்கிறீர்கள். அடுத்த முகாமுக்கு முன் ரத்த வங்கியிடம் கேளுங்கள்: தொற்று தெரிந்தால் கொடுத்தவரிடம் யார், எப்போது, எந்த அறையில் உட்காரவைத்துச் சொல்வீர்கள்? அவரை நம்பிக்கை மையத்துக்கு யார் கூட்டிப்போவது? அந்த ஒருவராக உங்களில் யார் பெயர் கொடுக்கிறீர்கள்?