பேரைச் சொன்னால் பேங்க் ஆகிவிடுமா?

(கூட்டமைப்பின் மாதக் கூட்டத்தில் கள ஒருங்கிணைப்பாளர் பேசியது)



இன்னைக்கு நான் சேமிப்பு, கடன் பத்திப் பேசப் போறதில்லை. நம்ம கூட்டமைப்பில் ஒரு சகோதரிக்கு நடந்ததைச் சொல்லப் போறேன். அவங்க சம்மதத்தோடுதான் சொல்கிறேன். பேர், ஊர் வேண்டாம்.

ஒரு நாள் மத்தியானம் அவங்களுக்குப் போன் வந்திருக்கு. பேசினவன் அவங்க பேரைச் சொன்னான். வீட்டுக்காரர் பேரைச் சொன்னான். எந்தக் கிளையில் கணக்கு, ஏ.டி.எம். கார்டில் கடைசி நாலு நம்பர் என்ன, எல்லாத்தையும் சரியாகச் சொன்னான். "கார்டு முடங்கப் போகுதும்மா, போனுக்கு வந்த நம்பரைச் சொல்லுங்க" என்றான். சொல்லிட்டாங்க. ஆடு வாங்க வைத்திருந்த 18,000 ரூபாய் போய்விட்டது. ஒன்பது நாள் வீட்டில்கூட வாய் திறக்கவில்லை. சந்தா கட்ட முடியாமல் குழுக் கூட்டத்தில் அழுதபோதுதான் விஷயமே வெளியே வந்தது.

"ஏன் நம்பினீங்க?" என்று கேட்டேன். "என் பேரு, கார்டு நம்பர் எல்லாம் தெரிஞ்சிருக்கே மேடம். பேங்க்காரங்களைத் தவிர வேற யாருக்குத் தெரியும்?" என்றார்கள்.

நியாயமான கேள்விதானே? அதற்குப் பதில் சொல்லத்தான் இன்று நிற்கிறேன்.

ஒரு வீட்டில் திருடன் புகுந்தால் அந்த வீட்டுப் பொருள் போகும். நெல் மண்டியில் புகுந்தால் ஊர் நெல்லே போகும். இன்றைக்கு நம்ம பேர், விலாசம், போன் நம்பர், கார்டு நம்பர் எல்லாம் பெரிய பெரிய கம்ப்யூட்டர்களில் மண்டி மாதிரி குவிந்து கிடக்கிறது. திருடர்கள் அங்கேதான் கை வைக்கிறார்கள்.

நம் நாட்டிலேயே 2016ஆம் வருஷம் நடந்தது. வங்கிகளுக்காக ஏ.டி.எம். மிஷின்களை நடத்திக் கொடுத்த ஒரு கம்பெனியின் கம்ப்யூட்டருக்குள் திருட்டு புரோகிராம் ஒன்று புகுந்துவிட்டது. கார்டு விவரங்கள் களவு போயின. அக்டோபர் மாதம்தான் ஜனங்களுக்குத் தெரிந்தது. சுமார் 32 லட்சம் டெபிட் கார்டுகளுக்கு ஆபத்து என்றார்கள். பாரத ஸ்டேட் வங்கி மட்டும் சுமார் 6 லட்சம் கார்டுகளை முடக்கி, வேறு கார்டு கொடுத்தது. 19 வங்கிகளைச் சேர்ந்த 641 பேருடைய பணம், மொத்தம் 1.3 கோடி ரூபாய், போனதாக என்.பி.சி.ஐ. அமைப்பு அறிவித்தது. யோசித்துப் பாருங்கள். மண்டியில் திருட்டு நடந்தால் நெல் போட்டவர் மேல் என்ன குற்றம்?

இன்னொன்று. 500 ரூபாய் கொடுத்தேன், எந்த ஆதார் எண்ணைப் போட்டாலும் பேர், விலாசம், போன் நம்பர் வருகிற வழி கிடைத்தது என்று டிரிப்யூன் பத்திரிகை நிருபர் 2018 ஜனவரியில் எழுதினார். கைரேகை, கண் பதிவு எதுவும் வெளியே போகவில்லை என்று ஆதார் ஆணையம் சொன்னது. ஆனால் போனில் ஏமாத்துகிறவனுக்குக் கைரேகை எதற்கு? பேரும் நம்பரும் போதுமே!

ஆகவே சகோதரிகளே, ஒருத்தனுக்கு நம்மைப் பத்தித் தெரிந்திருக்கிறது என்பதாலேயே அவன் பேங்க்காரன் ஆகிவிட மாட்டான். அவனுக்குக் கிடைக்காத ஒன்றே ஒன்று, அந்த நிமிஷம் நம்ம போனுக்கு வருகிற ஓ.டி.பி. நம்பர். அதற்காகத்தான் போன் பண்ணுகிறான். போனை வைத்துவிடுங்கள். சந்தேகம் இருந்தால் பாஸ்புக்கை எடுத்துக்கொண்டு கிளைக்கே போய்க் கேளுங்கள்.

படிக்கிற பிள்ளைகளுக்கும் சொல்லுங்கள். யாஹூ கம்பெனியில் 2013ல் நடந்த திருட்டில் 300 கோடி கணக்குகள் சிக்கியதாக அவர்களே 2017ல் ஒத்துக்கொண்டார்கள். ஒரு இடத்தில் திருடின பாஸ்வேர்டை வேறு இடங்களிலும் போட்டுப் பார்ப்பது திருடர்கள் வழக்கம். வாசல் கதவுக்கும் பீரோவுக்கும் யாராவது ஒரே சாவி வைப்போமா?

அடுத்தவர்களை மட்டும் சொல்லக் கூடாது, நம்மையும் பார்ப்போம். ஒரு டீக்கடையில் எனக்கு வடை மடித்துக் கொடுத்த பேப்பர் யாரோ ஒரு அம்மாவின் பாஸ்புக் ஜெராக்ஸ். போட்டோ, கணக்கு எண், எல்லாம் இருந்தது. அப்போது என் வண்டிப் பையில் உங்களுடைய ஆதார் நகல்கள் நாற்பது கிடந்தன. சமூகப் பணி படித்தவள் நான். எனக்கே அன்றைக்குத்தான் உறைத்தது. நம்ம கூட்டமைப்பு அலுவலகமும் ஒரு சின்ன மண்டிதான்.

ஏமாந்துவிட்டால் என்ன செய்வது? உடனே சொல்ல வேண்டும். வங்கி மேலும் தப்பில்லை, நம்ம மேலும் தப்பில்லை, வேறு எங்கோ ஓட்டை என்றால், வங்கியிலிருந்து தகவல் வந்த மூன்று வேலை நாளுக்குள் புகார் சொன்னவருக்கு நஷ்டம் கிடையாது என்று ரிசர்வ் வங்கி 2017 ஜூலையில் விதி போட்டது. நாமே ஓ.டி.பி. சொல்லியிருந்தால், புகார் சொல்லும்வரை போனது நம்ம பொறுப்பு. சொன்ன பிறகு போவது வங்கி பொறுப்பு என்றும் அதில் இருக்கிறது. அப்படியானால் பேசாமல் இருக்கிற ஒவ்வொரு மணி நேரமும் யாருக்கு லாபம்? திருடனுக்குத்தான்.

இன்று நான்கு தீர்மானங்களைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதலாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

1. சைபர் கிரைம் புகார் எண் 1930. இதையும் அவரவர் வங்கிக் கிளை எண்ணையும் குழு கூடும் இடத்தில் பெரிதாக எழுதி வைப்பது.

2. ஆதார், பாஸ்புக் நகல் கொடுக்கும்போது எதற்காக, எந்தத் தேதி என்று அதன் மேலேயே எழுதிக் கொடுப்பது. முடிந்த இடத்தில் கடைசி நாலு எண் மட்டும் தெரிகிற ஆதார் நகலைக் கொடுப்பது.

3. கூட்டமைப்பில் உள்ள நகல்களைப் பூட்டி வைப்பது. வேலை முடிந்ததும் கிழித்து எரிப்பது. இதற்கு நானே பொறுப்பு.

4. ஏமாந்த உறுப்பினர் அன்றைக்கே ஊக்குநரிடம் சொல்வது. "உனக்குப் புத்தி எங்கே போச்சு?" என்று ஒருவரும் கேட்காமல் இருப்பது.

நாலாவதுதான் முக்கியம். அந்தச் சகோதரி ஒன்பது நாள் வாய் மூடி இருந்தது திருடனுக்குப் பயந்து இல்லை. நமக்குப் பயந்து. புகார் கொடுத்திருக்கிறோம், பணம் இன்னும் வரவில்லை. ஆனால் அவங்க குழு உள்கடனில் பணம் கொடுத்தது. இப்போது வீட்டில் இரண்டு ஆடு நிற்கிறது. அவங்களும் இன்றைக்கு இந்தக் கூட்டத்தில் நிமிர்ந்து உட்கார்ந்திருக்கிறார்கள்.